கல்லூரி வாசல் எந்தப் பக்கம்?

எங்கள் ஊருக்கு அரசுக் கலை அறிவியல் கல்லூரி வருகிறது என்று பேப்பரில் செய்தி வந்த மறுநாள், அப்பா பால் கறந்து முடிப்பதற்குள் ஒரு புரோக்கர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டார். கல்லூரிக்கு ஒதுக்கிய புறம்போக்கும் எங்கள் நாலரை ஏக்கரும் ஒரே வரப்பு. ஊர் திருச்சிக்கு வடக்கே, கரிசல் காடு. மக்காச்சோளம், பருத்தி, மழை கைகொடுத்தால் சின்ன வெங்காயம். அதுவரை அந்தக் காட்டை விலைக்குக் கேட்டு ஒருத்தரும் வந்ததில்லை. "ஏக்கர் என்ன சொல்றீங்க?" என்றார் வந்தவர். "காபி சாப்பிடுறீங்களா?" என்றார் அப்பா.

ஒரு மாதத்தில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். மொத்தமாகக் கிரயம் கேட்டவர்கள் பாதி. "நிலம் உங்களுது, செலவு எங்களுது, மனையில பாதிப்பாதி" என்றவர்கள் பாதி. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் திண்ணையில் உட்கார்ந்து பேசி, நாமே மனை போடுவோம் என்று முடிவுக்கு வந்தார்கள். வெறும் மனை இல்லை. கடை, வீடு, பூங்கா எல்லாம் வைத்து ஒரு சின்ன ஊர் மாதிரி. அலைவதற்கு ஆள்? திருச்சியில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் எனக்குக் கணக்குத் தெரியும் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. இது 2021. கடைசிக் கையெழுத்து வாங்கும்போது 2024 பிறந்திருந்தது.

"பஞ்சாயத்துல ஒரு அப்ரூவல் வாங்கிட்டாப் போதும், எங்க காலத்துல அப்படித்தான்" என்பது சித்தப்பாவின் வாதம். அந்தக் காலம் 2016 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. முறையான அனுமதி இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அப்போது தடை போட்டது. அன்றைக்கு அவரே வாங்கி வைத்திருந்த ஒரு மனையை விற்க முடியாமல் வரன்முறைப்படுத்த அலைந்தவர்தான். அதை ஞாபகப்படுத்தியதும் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டார்.

முதல் முட்டுக்கட்டை அரசாங்கத்திலிருந்து வரவில்லை. எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

பட்டா கூட்டுப்பட்டா. மூன்று ஆண்பிள்ளைகள் பெயர் மட்டும். தாத்தா சம்பாதித்து வாங்கிய நிலம், உயில் எழுதாமல் இறந்தார், பாட்டியும் போய்ச் சேர்ந்தாயிற்று. வக்கீல் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் புரட்டிவிட்டு, "அத்தைங்க ரெண்டு பேரு இருக்காங்கல்ல? அவங்க எங்க?" என்றார். 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கு என்ன பங்கோ அதே பங்கு மகளுக்கும். இவ்வளவு வருஷம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுத் தருவாங்க, போய்க் கேளு" என்று என்னை அனுப்பினார்கள். சின்ன அத்தை பேனாவைத் தேடினார். பெரிய அத்தை அசையவில்லை. முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார்: "கையெழுத்து கேட்டு வந்தியா, பங்கு கொடுக்க வந்தியா?"

எனக்குப் பதில் வரவில்லை. நானும் ஒரு வீட்டின் பெண்பிள்ளைதான். திரும்பி வந்து, பங்கு ஐந்து என்றால்தான் நான் இந்த வேலையைப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன். பெரியப்பா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு வாரிசுச் சான்று வாங்கி, ஐந்து பேர் பெயரும் பட்டாவில் ஏற, கிட்டத்தட்ட எட்டு மாதம் போனது. மனை போட நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வரைபடம் வரைகிறவருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் வீட்டுப் பெண்களை எண்ணிவிடுங்கள்.

அடுத்து வீட்டில் நடந்தது சென்ட் கணக்கு. நாலரை ஏக்கர் என்றால் 450 சென்ட். அப்பா மனசில் 450 சென்ட்டையும் விற்றுக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 அப்படி விடாது. சாலைக்கு முதலில் போகும். எங்கள் வரைபடத்தில் அது 126 சென்ட். இடம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஓஎஸ்ஆர் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். எங்களுக்கு நிலம் 18,000 சதுர மீட்டர் சொச்சம். ஆகவே ஓஎஸ்ஆர் 32 சென்ட். பணம் கட்டித் தப்பிக்கும் வசதி 10,000 சதுர மீட்டருக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான். மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும் ஆளுக்கு அரை சதவீதம், சேர்ந்து 3 சென்ட். மிச்சம் 289. அதிலும் 32 சென்ட் அளவுக்குப் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான சின்ன மனைகள்.

"நூத்தி அறுபது சென்ட்டு சும்மா போவுதா?" என்றார் அப்பா. "சும்மா இல்லப்பா, ரோடு இல்லாத மனையை யாரு வாங்குவா?" என்றேன். "ரோடு சரி. பார்க்கு?" அன்றைக்கு அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சர்வேயர் அண்ணன் நல்ல மனிதர், கை சுத்தம். கல்லூரி என்றதும் அவர் வரைந்த முதல் படத்தில் 12 மீட்டர் சாலை ஒன்று ஊர்ச்சாலையிலிருந்து நேராகக் கல்லூரி வரப்புக்கு ஓடியது. அதன் முனையில் ஆறு கடை மனைகள். "இங்கதான் மேடம் கேட்டு வரும். பசங்க வெளிய வந்தா மொதல்ல நம்ம கடைதான். பின்னாடி ஹாஸ்டல் கட்டுறவன் வாங்கிக்குவான்." எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்குமே.

புதுக் கல்லூரி அறிவித்தால் கட்டடம் எழும்பும்வரை யாரும் காத்திருப்பதில்லை. ஏதாவது பள்ளிக்கூடத்தில் நாலு அறையை வாங்கி வகுப்பைத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் கல்லூரியும் அப்படித்தான், பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியின் பழைய கட்டடத்தில் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் வரை.

ஹாஸ்டல் தேடும் பிள்ளை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது என்றான பிறகு இருபது கிலோமீட்டரில் இருந்தெல்லாம் வந்து போவது கஷ்டமில்லை. மதியம் பூவரச மரத்தடியில் டிபன் பாக்சைத் திறந்தார்கள். கடையில் வாங்கியது ஜெராக்ஸ், பேனா, ஐந்து ரூபாய் கடலைமிட்டாய். நாலு மணி பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது ஐந்தே முக்கால். அந்த இடைவேளையில் உட்கார நிழல் கிடையாது, பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கிடையாது. பிள்ளைகள் ரோட்டோரம் புளியமரத்து வேரில் உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடையில் என்னிடம் பேச்சுக் கொடுத்த ஆசிரியை ஒருவர், திருச்சியிலிருந்து தினமும் வந்து போவதாகவும், இரண்டு படுக்கையறையோடு தண்ணீர் வரும் வாடகை வீடு கிடைத்தால் நாளைக்கே வந்துவிடுவேன் என்றும் சொன்னார்.

வாத்தியார்களுக்கு வீடு, பிள்ளைகளுக்குப் பஸ் ஸ்டாப். கல்லூரி கேட்டது இவ்வளவுதான். ஹாஸ்டல் எல்லாம் எங்கள் கற்பனை. பொறியியல் கல்லூரிகளைப் பார்த்து வந்த கற்பனை. திரும்பி வந்ததும் ஆறு கடை மனைகளில் நாலை ஊர்ச்சாலைக்கு, பஸ் நிற்கும் வளைவுக்கே கொண்டுபோகச் சொன்னேன். கீழே கடை, மேலே குடித்தனம் கட்டும்படி அந்த மனைகளை மட்டும் பெரிதாக்கினோம். மற்ற இரண்டும் பெரியப்பாவுக்காக 12 மீட்டர் சாலை முனையிலேயே நின்றன.

ஊர் எந்த மாஸ்டர் பிளானிலும் வராததால், நிலத்தை விவசாயத்திலிருந்து குடியிருப்புக்கு மாற்ற 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவில் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வேளாண்மைத் துறை, வருவாய்த் துறை, நீர்வளத் துறை என்று ஒவ்வொரு கருத்துரைக்கும் ஒரு நடை. புஞ்சை என்பதால் வேளாண்மையில் அதிகம் கேள்வி இல்லை. ஒரு அலுவலகத்தில் கோப்பு மூன்று மாதம் ஒரே மேசையில் கிடந்தது. போய்க் கேட்டபோது எழுத்தர் மாற்றலாகிவிட்டார் என்றார்கள். அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான்.

வாய்க்கால் விஷயம் வேறு. புலப்படத்தில் எங்கள் காட்டின் தென்மேற்கு மூலையில் இரட்டைக்கோடு போட்டு ஒரு வாய்க்கால் ஓடுகிறது. காட்டில் ஓடவில்லை. எனக்கு நினைவு தெரிந்து அங்கே பருத்திதான். சித்தப்பா அதை "காகித வாய்க்கால்" என்பார். ஆய்வுக்கு வந்த அதிகாரி படத்தையும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தண்ணி ஓடலைன்னாலும் வாய்க்கால் வாய்க்கால்தான். விட்டுட்டுத்தான் மனை போடணும்" என்றார். முணுமுணுத்துக்கொண்டே விட்டோம், கல் ஊன்றினோம். அந்த வருஷம் ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் அடித்த மழையில், மேட்டிலிருந்து வந்த தண்ணீர் அந்த இரட்டைக்கோட்டின் மேலேயே, கல்லுக்குக் கல் பிசகாமல், ஓடியது. சித்தப்பா குடையோடு நின்று பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவர் சொல்லிக் கேட்டதில்லை.

பூங்காவுக்கு நாங்கள் காட்டியது கோணல்மாணலாக மிஞ்சிய ஒரு முக்கோணம். விற்காத இடத்தைத் தானம் கொடுப்பது யாருக்கும் வரும் புத்தி. சாலையை ஒட்டி, குறைந்தது 10 மீட்டர் அகலத்தோடு இருந்தாக வேண்டும் என்று படம் திரும்பி வந்தது. சர்வேயர் அண்ணன் தலையைச் சொறிந்தார். அப்போது அப்பாதான் விரலை வைத்தார். மோட்டார் கொட்டகை இருந்த இடம். பக்கத்தில் தாத்தா வைத்த வேம்பு. பஸ் நிற்கும் வளைவிலிருந்து இருபது எட்டு தூரம். "மரத்தை வெட்டி மனை போட்டா அதை எவன் வாங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. பார்க்கை இங்க வச்சுக்க. பஸ்ஸுக்கு நிக்கிற புள்ளைங்களும் ஒக்காரும்." புளியமரத்து வேரைப் பற்றி நான் வீட்டில் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன்.

சாலை அமைப்புக்கு ஒப்புதல் வந்ததும் சாலைகளையும் பூங்காவையும் ஊராட்சி பெயருக்குத் தானப்பத்திரம் எழுதினோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஐந்து பேரும் வரிசையாகக் கைரேகை வைத்தார்கள். பெரிய அத்தைதான் முதலில். பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். "எழுதிக் கொடுக்கணும்னா நமக்குன்னு ஒண்ணு இருக்கணும்ல" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார்.

பதிவு முடிந்து ஆறு வாரத்தில் கல்லூரி அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆள் வந்தார்கள். ஒப்பந்தக்காரரின் மேஸ்திரியிடம் படத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். முகப்பு, வாசல், வண்டி நிறுத்தம் எல்லாமே வடக்கே நெடுஞ்சாலைப் பக்கம். எங்கள் பக்கம் வருவது சுற்றுச்சுவர்.

அந்த நிலத்தை முன்பே அளந்திருக்கிறார்கள், கல் நட்டிருக்கிறார்கள். வாசல் எந்தப் பக்கம் என்று எங்களில் ஒருவரும் போய்க் கேட்கவே இல்லை. பத்து நிமிஷ வேலை. சாலையை ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, இனி நகர்த்த முடியாது. பக்கவாட்டில் ஒரு சின்னத் திட்டிவாசலாவது வைத்துத் தரும்படி ஊராட்சித் தீர்மானத்தோடு மனு கொடுத்திருக்கிறோம்.

இறுதி அங்கீகார எண் வந்ததும் அத்தை மகன் ஒருவன் ஆர்வக்கோளாறில் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் "கல்லூரி வாசல் எதிரில் மனைகள், முன்பதிவு ஆரம்பம்" என்று போட்டுவிட்டான். பதறிப்போய் அழிக்கச் சொன்னேன். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் எதையும் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யக் கூடாது, முன்பணம் வாங்கக் கூடாது. மீறினால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் போடலாம். "எதிரில்" என்பது இப்போது பொய் வேறு. ரெரா எண் வந்த பிறகு அடித்த நோட்டீஸில் "கல்லூரி வளாகத்தை ஒட்டி" என்று போட்டோம். வாங்குகிறவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், வேலைக்கும் நிலச் செலவுக்கும்தான் எடுக்கலாம். இந்த இடத்தில்தான் என் கணக்கு வேலை உண்மையிலேயே உதவியது.

கடை மனைகளையும் சேர்த்து 72 மனை, நலிந்தோர் மனைகள் தனி. பஸ் வளைவிலிருந்த நாலு கடை மனைகளும் முதல் மாதமே போய்விட்டன. ஒன்றில் ஜெராக்ஸ் கடை வந்துவிட்டது. அந்த ஆசிரியைக்கு வாடகை வீடு கிடைக்கவில்லை; மனையே வாங்கிவிட்டார். கரிசலில் கடைக்கால் எப்படிப் போடுவது என்று ஒரு பொறியாளரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிற மண்.

சாலை முனையிலிருக்கும் இரண்டு கடை மனைகளை யாரும் கேட்டு வரவில்லை. சுவர் ஆளுயரத்துக்கு எழும்பிவிட்டது. அதில் போய் முட்டி நிற்கும் 12 மீட்டர் தார்ச்சாலையில் பெரியப்பா மக்காச்சோளம் காயவைக்கிறார். களத்தைவிட இங்கே சீக்கிரம் காய்கிறதாம்.