உண்டியலில் விழும் சத்தம்: வீட்டிலேயே செய்யும் படப் புத்தகம், இதுவரை

ஆறு வயது மகளுக்காக வீட்டிலேயே ஒரு படப் புத்தகம் செய்யத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. இரண்டு டம்மி (அதாவது மாதிரிப் புத்தகம்) முடிந்து மூன்றாவது கையில் இருக்கிறது. கதை சின்னதுதான். ஆட்டுக்கல்லில் மாவாட்டி ஆட்டித் தோள் வலிக்கும் அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா) ஒரு கிரைண்டர் வாங்கித் தர, வீடே சேர்ந்து உண்டியலில் காசு போடுகிறது. நாங்கள் இருப்பது கோயம்புத்தூரில், கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர், அதனால் வேறு பொருள் எதுவும் மனதில் வரவில்லை.

இந்த வகைக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது வெரா பி. வில்லியம்ஸ் 1982ல் எழுதி வரைந்த 'எ சேர் ஃபார் மை மதர்'. தீ விபத்தில் வீட்டுச் சாமானெல்லாம் போய்விட்ட ஒரு குடும்பம், நல்ல நாற்காலி ஒன்று வாங்கப் பெரிய கண்ணாடி ஜாடியில் சில்லறை சேர்க்கும். கண்ணாடி என்பதால் உள்ளே காசு இருப்பது குழந்தையின் கண்ணுக்குத் தெரியும். நம் உண்டியல் மண்ணாச்சே, முதல் நாளும் கடைசி நாளும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் டம்மியில் இதை யோசிக்காமல் எட்டு இடத்தில் அதே உண்டியலை வரைந்து வைத்திருந்தேன். நாலாவது தடவை வந்ததும் மகள் "இதைப் பார்த்தாச்சும்மா" என்று பக்கத்தைத் தள்ளிவிட்டாள்.

சரி என்று நிஜமாகவே ஒரு மண் உண்டியல் வாங்கி வந்து இருவரும் உட்கார்ந்து காசு போட்டுப் பார்த்தோம். வெறும் உண்டியலில் முதல் காசு 'ணங்' என்று மண்ணில் மோதுகிறது, கொஞ்சம் சேர்ந்ததும் காசு மேல் காசு விழுந்து 'கிளிங்', முக்கால்வாசி நிறைந்தபோது விழ இடமில்லாமல் வெறும் 'டிக்'. படத்தில் காட்ட முடியாததைச் சத்தத்தில் காட்டலாம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போது ஒவ்வொரு முறை காசு விழும்போதும் அந்தச் சத்தத்தைப் பெரிய எழுத்தில் தனியாக எழுதுகிறேன், எழுத்து வர வரச் சின்னதாகிறது. இரண்டாவது டம்மியை வாசித்தபோது அடுத்து என்ன சத்தம் வரும் என்று அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அப்புறம் கணக்கு. கதையில் கிரைண்டர் விலை ஐயாயிரம் ரூபாய் என்று வைத்திருந்தேன். எல்லாமே பத்து ரூபாய் நாணயம் என்றாலும் 500 நாணயம் வேண்டும். ஒன்று 7.71 கிராம், மொத்தம் நாலு கிலோவை நெருங்குகிறது, ஆக ஆறு வயதுக் குழந்தை அதை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு குதிப்பதாக நான் வரைந்திருந்த படம் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு காலம். வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு வாரம் ஒரு நாணயம் என்றால் 100 வாரம், ஏறக்குறைய இரண்டு வருஷம். நானோ ஒரே மாதத்தில் வாங்கிவிட்டது போல, முதல் பக்கத்தில் போட்ட அதே கவுனைக் கடைசிப் பக்கத்திலும் மாட்டியிருந்தேன். ஒரு குடும்பம் சேர்ந்து ஒன்றை அடைகிறது என்றால் அந்தக் காத்திருப்பு பக்கங்களில் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன், அதை முழுங்கிவிட்டால் கடையில் போய் வாங்கினார்கள் என்கிற சமாச்சாரம்தான் மிஞ்சும். அதனால் மூன்றாவது டம்மியில் இரண்டு பொங்கல் வருகிறது, கவுன் முழங்காலுக்கு மேலே ஏறுகிறது, முன்பல் விழுந்து மறுபடி முளைக்கிறது, கதவு நிலையில் பென்சில் கோடு கூடிக்கொண்டே போகிறது. இதில் எதையும் எழுத்தில் சொல்லவில்லை.

மகள் கேட்ட ஒரு கேள்விதான் கதையையே மாற்றியது. "அமுச்சி காசு போட மாட்டாங்களா?" அப்பா இரண்டு ஸ்டாப் நடந்து பஸ் காசை மிச்சம் பிடிக்கிறார், அண்ணன் பழைய பேப்பரை எடைக்குப் போடுகிறான், அம்மா பக்கத்து வீட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள், அமுச்சி மட்டும் எல்லோரும் தருவதை வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் எந்த அமுச்சியும் அப்படி இருந்ததில்லை. இப்போது ஒரு பக்கத்தில் 'காலையில் உண்டியல் கொஞ்சம் கனமாக இருந்தது' என்று ஒரே வரி, படத்தில் தூங்கும் அமுச்சியின் முந்தானை முடிச்சு அவிழ்ந்து கிடக்கிறது. மகள் இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததும் ஓடிப் போய் என் அம்மாவின் முந்தானையைப் பிடித்துப் பார்த்தாள்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் கைவேலை விவரம். படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம், அச்சுத் தாளை மடித்தால் 16 பக்கமாக வருவதால் அதன் மடங்கு. வீட்டில் எட்டு ஏ4 தாளை ஒன்றாக மடித்தாலே 32 கிடைத்துவிடும், நடுமடிப்பில் ஐந்து ஓட்டை போட்டு ஊசி நூலால் தைத்தால் போதும். ஒரு தாளின் ஒரே புறத்தில் வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் 33 வர வேண்டும் (1ம் 32ம், 2ம் 31ம்), வராவிட்டால் வரிசை தப்பு. நடுவில் வரும் 16, 17 மட்டும்தான் ஒரே தாள், மற்ற விரிபக்கங்கள் (திறந்தால் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரண்டு பக்கம்) எல்லாம் இரண்டு தனித்தாள், அகலமான படத்தை அங்கே வைத்தால் நடுவில் ஒட்டாது. குடும்பம் மொத்தமும் சேர்ந்து நிற்கும் படத்தை அதனால்தான் 16, 17க்குக் கொண்டுபோனேன், ஆனால் முதல் முறை அப்பாவின் முகம் சரியாக மடிப்பில் விழுந்துவிட்டது. ஜெராக்ஸ் எடுத்தபோது ஓரத்தில் அரை சென்டிமீட்டர் காணாமல் போய் உண்டியலின் வாய் பாதி வெட்டுப்பட்டது, ஓரம் விட்டு வரைந்தால் தப்பிக்கலாம். உண்டியலை உடைக்க ஓங்கும் கையை வலப்பக்கமான 27ல் வைத்து, காசு சிதறுவதைத் திருப்பினால் வரும் 28, 29ல் வைத்தேன். அந்த இடத்தில் மகள் பக்கத்தைத் திருப்பாமல் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டே இருந்தாள், எனக்கு அது போதும்.

நேற்று என் அம்மாவிடம் காட்டினேன். ஐந்தாம் பக்கத்தில் நின்று, "வலது கை குழவியைச் சுத்துது சரி, இடது கை ஏன் மடியில இருக்கு? மாவு ஓரத்துல ஒதுங்கும், தள்ளி விட்டுட்டே இருக்கணும் கண்ணு" என்றாள். இன்றைக்கு அந்தப் பக்கத்தைத் திரும்ப வரைகிறேன்.