போடி வழியா, கம்பம் வழியா

மே 11

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து மதினி சாயங்காலம் கூப்பிட்டார். ரிப்போர்ட் இன்னும் வரவில்லையாம். போனை அண்ணனிடம் கொடுத்தார். அவன் எடுத்ததுமே, "காத்து ஆரம்பிச்சிருச்சாடா?" என்றான். இல்லை, தென்னங்கீற்றுகூட அசையவில்லை என்றேன். "அப்ப நாள் இருக்கு."

மே 13

தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டு வழியையே யோசித்தேன்.

உத்தமபாளையத்தில் சைக்கிளில் கிளம்பி, ஒரு மெட்டில், அதாவது மலைக் கணவாயில், ஏறி, கேரளப் பக்கம் மலைமேலேயே ஓட்டி, இன்னொரு மெட்டில் இறங்கி வீடு. சுமார் 140 கிலோமீட்டர். அதில் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே கருத்து. சண்டையெல்லாம் எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில்தான்.

அண்ணன் கட்சி கம்பம். இங்கிருந்து பத்து கிலோமீட்டர் போனால் கம்பம், இருட்டு விலகுவதற்குள் அடிவாரத்துக்கு வந்துவிடலாம். நம் பக்கத்து மலைச்சரிவு எல்லாம் கிழக்கே பார்த்தவை; சூரியன் வந்துவிட்டால் ஏறுகிறவன் முதுகிலேயே அடிக்கும். அதற்குள் கம்பம்மெட்டு ஏறியாக வேண்டும் என்பான். அங்கிருந்து நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை என்று வடக்கே போகும்போது தென்மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும். கடைசியில் போடிமெட்டின் 17 வளைவும் இறக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இறங்கியபின்? போடியிலிருந்து சிலமலை, ராசிங்கபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை என்று மலையடிவாரத்தோடு தெற்கே வர வேண்டும். மத்தியானத்துக்கு மேல், கால் செத்த பிறகு, காற்று நேர் எதிரே. குமுளிக் கணவாய் வழியாக இறங்குகிற காற்று இந்தப் பள்ளத்தாக்குக்குள் வந்தால் ஒதுங்க வழி கிடையாது. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவில் நாம். ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் அத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை.

அதனால் என் கட்சி போடி. விடியுமுன் தேவாரம் சாலையில் காற்றோடு வடக்கே போய், முந்தல் செக்போஸ்ட் தாண்டி ஏறிவிட வேண்டும். மேலே எதிர்க்காற்று இருக்கும், சரி. ஆனால் அங்கே ஏலத்தோட்டத்து மரங்கள் மறைக்கும். சாயங்காலம் கம்பத்தில் இறங்கினால் வீடுவரைக்கும் காற்றே கொண்டுவந்து விட்டுவிடும்.

இதை அவனிடம் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. "ஜீப்பு?" என்று ஒரே வார்த்தையில் மடக்குவான். சாயங்காலம் கம்பம்மெட்டில் இறங்கும் ஏலத்தோட்டத்து ஜீப்புகளைச் சொல்கிறான்.

மே 14

செயின் மாற்றியாகிவிட்டது. பிரேக் ஷூவும். அண்ணன் சைக்கிள் டயருக்கும் காற்று அடித்து வைத்தேன்.

மே 17

லோயர்கேம்ப் – குமுளி. சின்ன ஏற்றம்தான், ஏழு கிலோமீட்டருக்குள் 400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மாதா கோயில் வளைவில் ஒரு பஸ் என்னைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் போனது. வளைவின் உள்பக்கம் எப்போதும் செங்குத்து. வெளிப்பக்கமாக எடுத்தால் கால் பிழைக்கும், ஆனால் இறங்குகிற வண்டி கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஹாரன் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் ஏற வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அண்ணன். அப்போது நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன்.

மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் நாலு பென்ஸ்டாக் குழாயும் மலையை ஒட்டி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மேற்கே போய்க் கடலில் விழ வேண்டிய பெரியாற்றை அணை கட்டி மடக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியிருக்கிறார்கள். 1895-லிருந்து நாம் குடிப்பது அந்தத் தண்ணீர். அணையைக் கட்டிய பென்னிகுயிக் படம் எங்கள் தாத்தா வீட்டில் சாமி படங்களோடு மாட்டியிருந்தது. இன்றைக்கும் எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

இரைச்சல் பாலத்தில் இன்று இரைச்சல் இல்லை.

மே 19

ரிப்போர்ட் இல்லை. "திங்கள்கிழமை" என்றார்கள், பிறகு "டாக்டர் லீவு" என்கிறார்கள். மதினி வெளியே வராந்தாவில் படுக்கிறார்.

மே 21

ஆத்திரத்தில் கிளம்பிய நாள். சின்னமனூரில் திரும்பி, தென்பழனி செக்போஸ்ட்டில் பெயர் எழுதிவிட்டு மேகமலை. 18 வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூப்பெயர், பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏற்றத்துக்கான லேசான கியர், பின்னால் 34 பல் சக்கரத்தில் போட்டுவிட்டு மிதித்தேன். யார்மேல் கோபம் என்றே தெரியாமல் பாதி மலை ஏறியிருப்பேன். தேயிலை தெரிய ஆரம்பித்ததும் குளிர்ந்த காற்று வந்தது, அப்போதுதான் மூச்சு சீரானது. சாயங்காலம் ஆறுக்குள் இறங்கிவிட வேண்டும் என்பதால் ஹைவேவிஸ்வரை போகவில்லை. இறங்கும்போது ரிம் கொதித்தது. வளைவுக்கு வளைவு நின்று, கையை ஆற்றி, மெதுவாக வந்தேன்.

அவனிடம் சொன்னேன். "மேகமலை முட்டுச்சந்துடா, போன வழியிலேயே திரும்பணும். சுத்துதான் வழி" என்றான். குரலில் பலம் இருந்தது.

மே 24

கம்பம்மெட்டு. ஜீப் பிரச்சனையை நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் போனேன்.

ஆறு மணிக்கெல்லாம் வரிசையாக ஏறுகின்றன. கூடலூர், கம்பம், உத்தமபாளையம் பக்கத்துப் பெண்கள், ஏலத்தோட்ட வேலை. பத்துப் பேர் உட்காரும் வண்டியில் எத்தனை பேர் என்று எண்ண முடியாது. பின்கதவுக் கம்பியில் தூக்குவாளிகள் கொத்தாகத் தொங்கும். ஓட்டுபவர்களுக்கு நேரத்துக்குள் இரண்டு நடை அடிக்க வேண்டும், வளைவில் வேகத்தைக் குறைப்பதில்லை. ஆனால் சாலையின் ஓரத்தில் வெள்ளைக் கோட்டின்மேலேயே ஏறுகிறவனுக்கு அவர்கள் கொஞ்சம் விலகிக் கொடுத்தார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஒரு ஜீப் என்னை ஒட்டி முதல் கியரில் திணறியபோது பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா, "தம்பி, இந்தக் கம்பிய வேணா பிடிச்சுக்க, மேல கொண்டுபோய் விட்டுர்றோம்" என்றார். வண்டி முழுக்கச் சிரிப்பு. பிடிக்கவில்லை, ஆனால் அடுத்த இரண்டு வளைவும் கனம் தெரியாமல் போனது.

என் வாதத்துக்கு இது பாதகம்தான். நாலு மணிக்கு இதே ஜீப்புகள் இறங்கும். போடி வழியாகச் சுற்றினால் நானும் அப்போதுதான் இறங்குவேன். மூன்றரைக்கு முன்னால் கம்பம்மெட்டைத் தாண்டினால் தப்பலாம். அதற்கு நெடுங்கண்டத்தில் சாப்பாட்டுக்கு உட்காரக் கூடாது.

திரும்பும்போது காமயகவுண்டன்பட்டி சாலையில் ஒரு பந்தல் ஓரம் பன்னீர் திராட்சை வாங்கினேன். சாம்பல் பூத்த தோல், கைபட்ட இடம் மட்டும் கறுப்பு. 2023-ல் புவிசார் குறியீடு வந்த நாளன்று அண்ணன் தெருவுக்கே வாங்கிக் கொடுத்தான். மதுரைக்குக் கொடுத்தனுப்பலாமா என்று கேட்டேன். இப்போது எதுவும் கொடுக்கக் கூடாது என்றிருக்கிறார்களாம்.

மே 28

வந்துவிட்டது.

மே 29

எழுத ஒன்றுமில்லை.

மே 31

ஜூன் 9-ல் ஆபரேஷன். மதினி தேதியைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். நானும் பேசவில்லை. பிறகு அவன் வாங்கி, "பூப்பாறையிலிருந்து ஒடனே இறங்காத, போடிமெட்டுல டீ குடிச்சு ஒடம்பு சூடான பெறகு எறங்கு" என்றான். ஆக இன்னும் கம்பம் வழிதான் அவன் மனசில்.

அண்ணே, நீ வந்து காட்டு.

ஜூன் 1

தேக்கடியில் மதகு திறந்தார்கள். 14,707 ஏக்கருக்கு முதல் போகத் தண்ணீர். சாயங்காலம் பாலத்தில் நின்று பார்த்தேன், ஆறு கலங்கலாக ஏறிக்கொண்டிருந்தது. நாற்றங்கால் வேலை ஆரம்பித்துவிட்டார்கள்.

காற்றும் வந்துவிட்டது. மத்தியானம் மாடியில் காய்ந்த போர்வை பக்கத்து வீட்டில்.

ஜூன் 2

போனில் கேட்டான். லேசாக வீசுகிறது என்றேன்.

ஜூன் 4

போடிமெட்டு ஏறினேன். முழுச் சுற்று இல்லை, ஏற்றம் மட்டும். தேவாரம் சாலையில் இருட்டோடு வந்தபோது காற்று முதுகில்; நான் சொன்னது சரி என்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது. முந்தலில் வெயில் பிடித்துக்கொண்டது. புலியூத்து பக்கத்தில் தண்ணீர் கசிந்து சாலை நனைந்திருந்தது, அங்கே முகம் கழுவினேன். அதற்குமேல் வளைவுகளை எண்ணுவதை விட்டுவிட்டு மூச்சை மட்டும் பார்த்தேன்.

மேலே, செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால், இப்படி ஆனது: என் முதுகில் வெயில் சுடுகிறது, பத்தடி முன்னால் பனிமூட்டமும் தூறலும். மழை கேரளத்தோடு நின்றுவிடுகிறது, நமக்கு வருவது அதன் காற்று மட்டும். எல்லைக் கோடு எங்கே என்று கேட்க வேண்டியதே இல்லை. தூறலுக்குள் நுழைந்து டீ வாங்கிக்கொண்டு நடுங்கிக்கொண்டே குடித்தேன்.

பூப்பாறைக்குப் போகிற சாலை மூட்டத்துக்குள் இறங்கியது. போகலாம், கால் இருந்தது. போகவில்லை. அதை அவன் இல்லாமல் பார்க்க எனக்கு மனசில்லை.

ஜூன் 6

"போடி வழியாவே போவோம், நீ சொல்றதும் சரிதான்" என்றான் இன்று. எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் இதில் விட்டுக்கொடுத்ததே இல்லை. ஜீப்பை மறந்துவிட்டாயா என்று நானே கேட்டேன். "அது பாத்துக்கலாம்டா" என்றான். ஏன் இப்படிச் சொல்கிறான்?

ஜூன் 7

கம்பம் வழிதான் நல்லது என்று ராத்திரி அவனுக்கு நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பினேன். மேலே காற்று பின்னாலிருந்து வரும், ஜீப் தொல்லை இல்லை, ஏற்றம் வெயிலுக்கு முன்னால் முடியும். எல்லாம் அவனுடைய காரணங்கள்தான். இன்னும் பார்க்கவில்லை.

ஜூன் 8

ரத்தம் இரண்டு யூனிட் வேண்டுமாம். நானும் மாமாவும் முதல் பஸ். ஆதார் நகல், காப்பீட்டு அட்டை, மதினிக்கு மாற்றுச் சேலை, பிளாஸ்க். ரத்தம் கொடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு வரக் கூடாது என்று சொன்னார்கள், மாமாவிடம் சொல்ல வேண்டும்.