காசில்லாமல் சுவிஸ்

சுவிஸ் போனால் சொத்தை விற்க வேண்டும் என்று பயமுறுத்தித்தான் அனுப்பினார்கள். காப்பி விலையைப் பார்த்ததும் எனக்கும் நெஞ்சடைத்தது உண்மை. ஆனால் லவுட்டர்புரூனனில் 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டவ்பாக் அருவியைப் பார்க்கச் சீட்டே கிடையாது. கீழே வருவதற்குள் தண்ணீர் காற்றில் பொடியாகிப் புகைபோல் பறக்கிறது. அண்ணாந்து நின்றால் மூக்குக்கண்ணாடியெல்லாம் துளி.

பெர்னில் மார்சிலி நீச்சல்குளமும் இலவசம். அங்கிருந்து கரையோரமாக மேலே நடந்துபோய், ஆரெ ஆற்றில் குதித்து, ஓட்டத்தோடு மிதந்து திரும்பி வருகிறார்கள். நான் கணுக்கால் வரைதான். அப்படியொரு குளிர், இழுப்பு வேறு!

அப்புறம், தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். சூரிச்சில் மட்டும் 1,200க்கு மேல் தெரு நீரூற்றுகள். குடிக்கக் கூடாது என்று பலகை இல்லாவிட்டால் தாராளமாகப் பிடிக்கலாம். இன்டர்லாக்கனில் தங்கினால் விடுதியில் விருந்தினர் அட்டை கேளுங்கள், உள்ளூர்ப் பேருந்து இலவசம். எனக்கு அது இரண்டாம் நாள்தான் தெரிந்தது.