அண்ணனின் குடிநோய் சிகிச்சை: உடனிருந்து அறிந்தவை

குடியை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என அண்ணன் தானாகவே சொன்னபோது, வீட்டில் இருந்த பெரியவர்கள் அனைவரும் ஒரே குரலில் "இன்றோடு நிறுத்திவிடு" என்றார்கள். சிகிச்சை மையத்தைத் தொலைபேசியில் அழைத்தால், அங்கிருந்தவர் அதற்கு நேர்மாறாகப் பேசினார். பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவரும் ஒருவர் மருத்துவ மேற்பார்வை இல்லாமல் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாக முடியவும் கூடும். ஆகவே மருத்துவர் பார்க்கும்வரை அவராகவே முழுவதுமாக நிறுத்திவிட வேண்டாம் என்றார். சேர்ப்பதற்கு முன் நாங்கள் கேட்டறிந்தவை இரண்டுதான்: இரவிலும் மருத்துவர் இருப்பாரா, குடும்பத்தினர் வந்து பார்க்க அனுமதி உண்டா. இவ்விரண்டுக்கும் நேரடியாகப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் நோயாளியை விட்டுவிட்டு வரக் கூடாது என்பது இன்றும் என் கருத்து.

சேர்க்கை அறையில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எப்போது குடித்தீர்கள்?" என்பது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார், ஏனெனில் சிகிச்சையின் கணக்கு அந்த நேரத்திலிருந்துதான் தொடங்குகிறது. கை நடுக்கமும் வியர்வையும் சில மணி நேரத்திலேயே ஆரம்பித்துவிடும். வலிப்பு வருமானால் பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். நாளும் இடமும் தெரியாமல் மனம் குழம்பி, இல்லாதவற்றைக் கண்டு பிதற்றும் ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ என்னும் கடும் நிலை பொதுவாக 48 மணி நேரத்துக்குப் பிறகே தலைகாட்டும். இதற்கு முன் நிறுத்தியபோது வலிப்பு வந்ததுண்டா என்றும் கேட்டார். குடிப்பதும் நிறுத்துவதுமாகப் பலமுறை மாறி மாறிச் சென்றவர்களுக்கு, அடுத்தடுத்த விலகல், அதாவது நிறுத்தும்போது உடல் படும் பாடு, முன்னதைவிடக் கடுமையாக இருக்கக்கூடுமாம்.

அன்றிரவு முழுவதும் செவிலியர் குறிப்பிட்ட இடைவெளியில் வந்துகொண்டே இருந்தார். "கைகளை முன்னால் நீட்டி விரல்களை விரித்துக் காட்டுங்கள் சார்" என்பார். அண்ணன் நீட்டுவார், விரல்நுனிகள் துடிப்பதை அவர் பார்த்துக் குறித்துக்கொள்வார். விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா, தோலின் மேல் பூச்சி ஊர்வதுபோல் இருக்கிறதா, இன்று என்ன தேதி என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இடுவார். மொத்தம் 10 கூறுகள், உச்ச மதிப்பெண் 67. அந்த எண் எவ்வளவு ஏறுகிறதோ அதற்கேற்ப அமைதிப்படுத்தும் மாத்திரை தரப்பட்டது. இறங்க இறங்க அளவும் குறைந்தது. நள்ளிரவில், அறையின் மூலையில் யாரோ நிற்பதாக அண்ணன் என்னிடம் மெல்லச் சொன்னார். நான் செவிலியரை அழைத்தேன். அவர் பதறவில்லை, மீண்டும் முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார்.

இவையெல்லாம் ஏன் நிகழ்கின்றன என்று மறுநாள் மருத்துவர் விளக்கினார். மூளையில் வேகத்தைக் குறைக்கும் ‘காபா’ என்ற வேதிப்பொருளின் வேலைக்கு மது வலுவூட்டுகிறது. வேகத்தைக் கூட்டும் ‘குளுட்டமேட்’டை அடக்குகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது மூளை தன்னைத் தற்காத்துக்கொள்ள எதிர்த்திசையில் முட்டுக்கொடுத்து நிற்கப் பழகிவிடுகிறது. மதுவைச் சட்டென்று எடுத்துவிட்டால் முட்டு மட்டும் எஞ்சி நிற்க, நரம்பு மண்டலம் கட்டுக்கடங்காமல் துள்ளுகிறது. நீண்ட நாள் குடிப்பவர்களின் உடலில் வைட்டமின் பி1, அதாவது தயமின், வற்றிப் போயிருக்கும் என்பதால், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் ஊசி போட்டார்கள். அந்த வரிசை மாறினால், ‘வெர்னிக்கி’ என்னும் மூளைப் பாதிப்பு தூண்டப்படலாம் என்று அஞ்சுகிறார்கள்.

நடுக்கம் நின்றதும் சிகிச்சை முடிந்துவிட்டது என்று உறவினர் பலர் எண்ணினார்கள். உண்மையில் உடலிலிருந்து மது நீங்குவது வாசற்படி மட்டுமே. இந்த அனுபவத்தில் பிறருக்குச் சொல்லத் தக்கது இது ஒன்றுதான் என்பேன். பழைய நண்பரின் குரல், சம்பள நாள், தூக்கம் வராத இரவு எனக் குடியோடு கோத்துக்கொண்ட எதுவும், குடியை விட்டுப் பல மாதங்கள் கழிந்த பின்னும் அந்த வேட்கையைக் கிளறக்கூடும்.

காரணம் என்ன என்று கேட்டால் ஒற்றைப் பதில் இல்லை. குடிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பில் ஏறத்தாழ பாதி பரம்பரையிலிருந்து வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன; எங்கள் தாத்தாவின் கதையை அறிந்த எங்களுக்கு இதில் வியப்பில்லை. மீதிப் பாதியில் சிறுவயதிலேயே பழகுவது, மனப்பதற்றம், எளிதில் கிடைப்பது, கூடியிருப்பவர்கள் எல்லாம் அடக்கம். அண்ணனைப் பொறுத்தவரை வாசல் திறந்தது தூக்கமின்மையால். மது விரைவில் உறங்க வைக்கும். ஆனால் இரவின் பிற்பாதியில் உறக்கத்தைக் கெடுத்துவிடும், ஆகவே மறுநாள் இன்னும் கொஞ்சம் தேவைப்படும். சூழலின் வலிமைக்கு மருத்துவர் சொன்ன சான்று என் மனத்தில் நின்றுவிட்டது: வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்த அமெரிக்கப் படைவீரர்களை 1970களில் ஆய்வாளர் லீ ராபின்ஸ் பின்தொடர்ந்து ஆராய்ந்தபோது, நாடு திரும்பியபின் பெரும்பாலானோர் மீண்டும் அடிமையாகவில்லை என்று தெரியவந்தது.

மருந்தைப் பற்றிய பேச்சில்தான் எங்கள் குடும்பத்தில் சலசலப்பு எழுந்தது. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில், குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மருந்தைக் கலந்து கொடுக்கலாமே என்று சித்தப்பா கேட்டார். மருத்துவர் கண்டிப்புடன் மறுத்துவிட்டார். அம்மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால், மது உடலில் சிதையும்போது உருவாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் தேங்கி, முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பின்னும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. விவரம் அறிந்து சம்மதித்தவருக்கு மட்டுமே அது மருந்து. அண்ணனுக்கு எழுதித் தரப்பட்டது நால்ட்ரெக்சோன். குடி தரும் இன்பத்தோடு தொடர்புடைய, மூளையில் உள்ள ஓபியாய்டு ஏற்பிகளை அது அடைப்பதால், வேட்கையின் கூர்மை மழுங்குகிறது. கல்லீரல் பரிசோதனைக்குப் பிறகே தொடங்கினார்கள்.

பக்கத்துப் படுக்கையில் இருந்த இளைஞர் ஹெராயினிலிருந்து மீள வந்தவர். அவருடைய விலகல் வேதனை பார்க்கச் சகிக்காததாக இருந்தாலும் மதுவைப்போல் வலிப்பில் கொண்டுபோய் விடுவதில்லையாம். அவருக்கு நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் கொடுத்தார்கள்; அதுவும் ஹெராயின் வகையைச் சேர்ந்த மருந்துதான். "ஒரு போதையை விட்டு இன்னொன்றா?" என்று அவருடைய தந்தை கசப்புடன் கேட்டார். சீராக இருக்கும் அளவு மருந்து, போதைக்கான ஓட்டத்தை நிறுத்தி அவரை வேலைக்கும் வீட்டுக்கும் திருப்பும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சில வாரம் விட்டிருந்துவிட்டுப் பழைய அளவையே மீண்டும் எடுத்தால், உடலின் தாங்குதிறன் குறைந்திருப்பதால் மூச்சு நின்றுவிடலாம் என்ற எச்சரிக்கையைத் தந்தை, மகன் இருவரிடமும் தனித்தனியே சொன்னார்.

வீடு திரும்பிய சில மாதங்களில் அண்ணன் ஒருமுறை குடித்தார். ஆலோசகர், எங்கே, யாருடன், அதற்கு முன் என்ன நடந்தது என்று நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டு, மறுபரிசோதனைத் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்தார். போதை நோய்களில் சிகிச்சைக்குப் பின் இப்படித் திரும்புவோர் 40 முதல் 60 விழுக்காடு வரை இருப்பதாகவும், இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவற்றிலும் நிலை ஏறக்குறைய இதுவே என்றும் அவர் சொன்னதைக் கேட்டபின், எங்கள் வீட்டில் குரல்கள் சற்றுத் தணிந்தன. அண்ணி, குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கான ஆல்-அனான் கூட்டங்களுக்குச் செல்லத் தொடங்கினார். அண்ணன், குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்க 1935இல் தொடங்கப்பட்ட ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் கூட்டத்துக்கு வாரந்தோறும் போகிறார். அங்கே அவருக்குப் பிடிக்காத பேச்சும் உண்டு, ஆனாலும் போகிறார். தூக்கமின்மைக்குத் தனியாக மனநல மருத்துவரைப் பார்த்துவருகிறார். நால்ட்ரெக்சோனை எப்போது நிறுத்துவது என்பதை அடுத்த கல்லீரல் பரிசோதனை முடிவு வந்தபின் பேசுவதாக இருக்கிறோம்.