கரைஞ்ச கல்லும் எங்கட புவியியல் சேரும்

எங்கட பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தா எண்டு செயலாளர் கேட்ட உடனை எனக்கு ஞாபகம் வந்தது போன செப்டம்பர் நாங்கள் மேற்கு அவுஸ்திரேலியாவிலை, பேர்த்திலை ஒண்டு சேர்ந்தது தான். லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண், சிட்னி எண்டு எல்லாப் பக்கத்தாலையும் எங்கட பள்ளிக்கூட பட்ச் ஆக்கள் வந்து, மனுசிமாரையும் சேத்து 22 பேர். ஹோலிலை கூடிச் சாப்பிட்டுப் போட்டோ எடுத்துப் பிரியிறதெல்லாம் முந்தியே செய்தாச்சு, இந்த முறை ஒரு சின்ன பஸ் பிடிச்சு முழுநாளும் ஒண்டா இருப்பம் எண்டு முடிவெடுத்து, காலமை ஏழு மணிக்கே வெளிக்கிட்டம்.

பேர்த்திலை இருந்து வடக்கை போற கரையோர ரோட்டுக்கு இண்டியன் ஓஷன் டிரைவ் எண்டு பேர், 2010 இலை தான் முழுசாத் திறந்தவங்கள். எப்பவும் கடல் தெரியும் எண்டு நினைக்கக் கூடாது, கனதூரம் பத்தையும் மணலும் தான், செப்டம்பர் எண்டபடியால் ரோட்டோரம் முழுக்கக் காட்டுப் பூ, பிறகு ஒரு ஏத்தம் ஏறி இறங்கேக்க இடப்பக்கம் கடல் நீலமா விரிஞ்சு கிடக்கும். எங்கட கரையிலை அடிக்கிற அதே இந்து சமுத்திரம் தானே எண்டு ஆரோ சொல்ல, பஸ் கொஞ்ச நேரம் அமைதியாப் போட்டுது.

முதல் நிப்பாட்டினது கில்டர்டன் எண்ட சின்ன ஊரிலை. 1656 ஏப்ரலிலை பத்தேவியாவுக்கு, இப்பத்தைய ஜகார்த்தாவுக்கு, போன ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல் ஒண்டு, வெர்ஹுல்டே டிராக் எண்டு பேர், இந்தக் கரையிலை கற்பாரிலை மோதி உடைஞ்சது. 193 பேரிலை 75 பேர் தான் கரை சேர்ந்தவை, அதிலை ஏழு பேர் சின்ன வள்ளத்திலை பத்தேவியாவுக்கு உதவி கேட்டுப் போய்ச் சேர்ந்திருக்கினம், தேடிக் கப்பல்கள் வந்தும் மிச்ச 68 பேரையும் கண்டுபிடிக்கேலாமல் போட்டுது. ஊரின்ரை பேரே அந்தக் கப்பல்காரற்றை கில்டர் எண்ட ஒல்லாந்தக் காசாலை வந்தது தான். சரித்திரத்திலை எப்பவும் முதலாம் பிள்ளையா வாறவள் உடனை சொன்னாள், அதே ஒல்லாந்தக் கம்பனி தான் ரெண்டு வருசம் கழிச்சு 1658 இலை யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்சது எண்டு. சின்னனிலை பண்ணைப் பக்கம் சைக்கிளிலை போகேக்க நாங்கள் பாத்த அந்த மதிலும், இந்த வெறுங்கரையும் ஒரே கதையின்ரை ரெண்டு துண்டு.

லான்சலினிலை வெள்ளை மணல் குன்று, அங்கை காத்துக்கு அதிக நேரம் நிக்கேலாது. சேர்வாண்டஸிலை மத்தியானச் சாப்பாடு, சிங்க இறாலுக்குப் பேர்போன இடம். 1844 இலை அந்தக் கடலிலை உடைஞ்ச அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலின்ரை பேரைத் தான் ஊருக்கு வைச்சிருக்கினம்.

பின்னேரம் நாலரை மணி போல நம்பங் தேசியப் பூங்காவுக்கை போனம். அது யூவெட் நூங்கார் ஆதிக்குடிகளின்ரை நிலம். பத்தைக்காடு திடீரெண்டு முடிஞ்சு மஞ்சள் மணல் துவங்கும், அதுக்குள்ளை ஆயிரக்கணக்கிலை கல்லுத் தூண், முழங்கால் உயரத்திலையும் நிக்குது, மனிசரை விடப் பெரிசா மூண்டு மீற்றருக்கு மேலையும் நிக்குது. பினக்கிள்ஸ் எண்டுறது. பஸ்ஸாலை இறங்கின உடனை ஒருத்தரும் கதைக்கேல்ல.

எனக்குப் பக்கத்திலை நிண்டவன், வகுப்பிலும் எனக்குப் பக்கத்திலை இருந்தவன் தான், ஒரு தூணிலை உள்ளங்கையை வைச்சுக்கொண்டு சொன்னான், "மச்சான், எங்கட சேரின்ரை கல்லடா இது." எங்கட புவியியல் சேர் ஒருநாள் ஊர்ச் சுண்ணக்கல்லுத் துண்டும், கெமிஸ்ற்றி லாப்பிலை வாங்கின ஐதான அசிட்டும் கொண்டு வந்து, அவன்ரை கையிலை கல்லைக் குடுத்து மேசையிலை வைப்பிச்சு, சொட்டுச் சொட்டா விட்டார். கல்லு சீறி நுரைச்சது. இது கடல்ச் சீவன்களின்ரை ஓடும் எலும்புமடா, மழைத்தண்ணி உதை மெதுவாக் கரைக்கும், அதாலை தான் நிலாவரை மாதிரி ஆழக் கிணறு எங்களுக்கு இருக்கு எண்டு சொன்னவர். நான் அதைப் பாடமாக்கிச் சோதினையிலை எழுதினனே தவிர, கண்ணாலை கண்டது அண்டைக்குத் தான்.

இங்கையும் அதே வேலை தான் நடந்திருக்கு. கடற்சிப்பி நொருங்கி மணலாகி, காத்து அதைக் கரைக்கு உள்ளை அள்ளிக் குன்றாக் குவிச்சு, மழை அந்தச் சுண்ணாம்பைக் கரைச்சுக் கீழை இறக்கிக் கல்லா இறுக்கி, பிறகு காத்தே சுத்தியிருந்த இளகின மணலைக் கிளப்பிக்கொண்டு போக, இறுகினது மட்டும் மிச்சம் நிக்குது. தொட்டுப் பாத்தா எங்கட கிணத்துக் கட்டு மாதிரிச் சொரசொரப்பு. ஒரு தூணின்ரை பொந்துக்கை ஒரு கைப்பிடி மணல், காத்துக்கு அது ஒவ்வொரு மணல் மணியா வெளியிலை சிந்திக்கொண்டிருந்தது. நான் அதை எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு நிண்டன் எண்டு எனக்கே தெரியாது.

பொழுது சாய்ஞ்சு நிழலெல்லாம் நீண்டு போச்சு. எனக்குப் பக்கத்திலை நிண்ட அவன் கல்லுகளை வீடியோ எடுத்து, திரும்பி வரேக்க சிக்னல் கிடைச்ச உடனை ஊரிலை இருக்கிற சேருக்கு அனுப்பினான். அவருக்கு இப்ப 88 வயசு, காது மந்தம், கண் நல்லம். கொஞ்சத்திலை அவற்றை குரல்ச் செய்தி வந்தது, சத்தமாப் போட்டுவிட்டம். நல்லாயிருக்கிறியளோ எண்டு ஒரு வசனம் கூட இல்லை.

"சிப்பித் துண்டு தெரியுதோ எண்டு கிட்டப் பாத்தனீங்களோ?"

ஒருத்தரும் பாக்கேல்ல. டிரைவர் உள் லைற்றைப் போட்டுவிட, 22 பேரும் ஃபோனைத் துறந்து, எடுத்த போட்டோ ஒவ்வொண்டாப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பேர்த் வரைக்கும் தேடிக்கொண்டு வந்தம்.