அழைப்பிதழிலும் கல்வெட்டிலும் ஆதீனப் பெயர்

காரைக்குடிப் பக்கம் கும்பாபிஷேக அழைப்பிதழ் அடிக்கும்போது அதிகம் திருத்தம் விழுவது ஆதீனப் பெயரில்தான். அழைப்பிதழ் என்றால் மறுபடி அடிக்கலாம். கல்வெட்டில் ஏறிவிட்டால் கல்லையே மாற்ற வேண்டும்.

குன்றக்குடி ஆதீனம் என்ற சைவ மடத்தில் தலைமைப் பட்டத்துக்கு வருகிறவர் பெயர் ‘தெய்வசிகாமணி’ என்றே தொடங்கும். அது மடத்தின் முதல் குருவான ஆதிகுருவின் பெயர். அடுத்து வருவதே அவருக்கு உரியது: தெய்வசிகாமணி அருணாசல தேசிக பரமாச்சாரியார், அவருக்குப் பின் தெய்வசிகாமணி பொன்னம்பல தேசிக பரமாச்சாரியார். இடம் போதாதபோது டிசைனர் முதலில் கை வைப்பது இந்தத் ‘தெய்வசிகாமணி’யில்தான். ‘தெ.’ என்று இனிஷியல் ஆக்கியும் புரூஃப் வந்திருக்கிறது. குருபரம்பரையையே வெட்டுகிற வேலை அது. எழுத்தளவைக் குறையுங்கள், இரண்டு வரியாக்குங்கள், பெயரைத் தொடாதீர்கள்.

தருமபுரம் ஆதீனத்தில் முறை வேறு. அங்கே ஆதிகுருவின் பெயரான ‘ஞானசம்பந்த’ பின்னால் வரும்: மாசிலாமணி தேசிக ஞானசம்பந்த பரமாசாரிய சுவாமிகள். கோவிலூர் வேதாந்த மடத்தில் பட்டத்துக்கு வருகிறவர் பெயரோடு ‘ஞான தேசிக’ சேரும். ஒரு மடத்தைப் பார்த்து இன்னொன்றை எழுதினால் நிச்சயம் தப்பும்.

ஒருவருக்கே பல பெயர் இருக்கும்போதுதான் உண்மையான குழப்பம். குன்றக்குடி அடிகளாரின் (1925–1995) பூர்வாசிரமப் பெயர், அதாவது துறவுக்கு முந்தைய பெயர், அரங்கநாதன். தருமபுரத்தில் மடத்துத் துறவியாக இருந்தபோது கந்தசாமித் தம்பிரான். குன்றக்குடிப் பட்டத்தில் மேலே சொன்ன அருணாசல தேசிகர் அவரே. பட்டிமன்றம், நூல், பள்ளி விழா என்றால் ஊரறிந்த ‘குன்றக்குடி அடிகளார்’ போதும், அதுதான் பொருத்தமும்கூட. திருப்பணிக் கல்வெட்டில் முழுப் பட்டப்பெயர் வேண்டும். பூர்வாசிரமப் பெயரை வரலாற்றுக் கட்டுரையில் சொல்லலாம். அழைப்பிதழில் அடைப்புக்குறிக்குள் போடவே கூடாது. துறவு கொண்டபோதே விட்ட பெயர் அது.

நாங்கள் செய்வது இதுதான். மடத்து அலுவலகத்தில் அண்மைக் கடிதத்தாள் ஒன்று கேட்டு வாங்கி, அதிலிருந்தே பெயரை அடிப்போம். தவத்திருவா, ஸ்ரீலஸ்ரீயா, ‘பரமாச்சாரிய’வா ‘பரமாசாரிய’வா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். பழைய ஃபான்ட்டில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றினால் ‘ஸ்ரீ’ உடைந்து ‘ஸ்’, ‘ரீ’ என்று தனித்தனியாக நிற்கும், அல்லது கட்டம் விழும். அதனால் கல்லுக்குப் போகும் கோப்பில் எழுத்துகளை வரைவடிவமாக (அவுட்லைன்) மாற்றியே கொடுங்கள். பட்டறையில் கல்மேல் ஸ்டிக்கர் ஒட்டியதும் ஒருவர் கடிதத்தாளை உரக்க வாசிக்க, இன்னொருவர் கல்லில் எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்க்க வேண்டும். வெட்டு அதன் பிறகுதான்.