ஸ்விஃப்ட்டின் வீல் கேப்பும் ஏற்காட்டு வளைவுகளும்

வெள்ளை வண்டி வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம். டயருக்கும், அதன் மேலே வளைந்திருக்கும் பெண்டர் தகட்டுக்கும் நடுவே இருக்கும் கருப்பு இடைவெளி, அதாவது வீல் கேப் (gap), எடுப்பாகத் தெரியும். என் 2018 ஸ்விஃப்ட்டில், 185/65 ஆர்15 டயரில், நாலு விரலைத் தாராளமாக நுழைக்கலாம். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும்.

கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில், வண்டியை இறக்கி இந்த கேப்பைக் குறைக்க வழி கேட்டதற்கு, "ஸ்பிரிங்ல ஒரு சுத்து அறுத்துடலாம் தம்பி, செலவே இல்லை" என்றார்கள். செலவில்லைதான். ஆனால் அறுத்த முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறிவிடலாம். அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

முறையான லோயரிங் ஸ்பிரிங் வேறு கதை. பெரும்பாலும் வண்டியை 30 முதல் 40 மி.மீ. இறக்கிக் கொடுக்கும். இறங்கிய வண்டிக்கு மேலும் கீழும் ஆட இடம் குறைவு என்பதால் கம்பியையும் விறைப்பாகவே செய்கிறார்கள். ஷாக் அப்சார்பர் பழையதாகவே இருந்தால், அது எப்போதும் பாதி அமுங்கிய நிலையிலேயே வேலை செய்து சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஆக ஷாக்குக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்க வேண்டும். கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாய்ந்திருக்கும் கோணம்), டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) இரண்டும் மாறும் என்பதால் அலைன்மென்ட்டும் கட்டாயம்.

மச்சான் தன் போலோவில் இதைச் செய்திருக்கிறார். அதில் ஏற்காடு போனோம். அடிவாரத்தில் இருந்து மேலே இருக்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி சாயவே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு சேலம் தெருக்களின் ஸ்பீடு பிரேக்கர்களைத் தாண்டும்போது அடியில் 'கிரீச்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், பின்சீட்டில் அக்கா "இறங்கி நடக்கட்டுமாடா?" என்று கேட்டுவிட்டாள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வேறு இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

அதற்கப்புறம்தான் டேப்பை எடுத்தேன். சக்கரத்தின் நடுவில் இருந்து பெண்டர் விளிம்பு வரை, முதலில் வண்டி காலியாக இருக்கும்போது அளந்தேன். பிறகு வீட்டு ஆட்களையும் டிக்கியில் இரண்டு பெட்டிகளையும் ஏற்றிவிட்டு அளந்தேன். பின்பக்கம் தானாகவே இரண்டு விரல்கடைக்கு மேல் இறங்கிவிட்டது! நாம் திட்டுகிற இந்த கேப், காலி வண்டியின் கேப். ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளியே 163 மி.மீ.தான். அதில் 35 போனால், குடும்பத்தோடு மலை ஏற என்ன மிச்சம்? ஸ்பிரிங் ஆசை அத்தோடு போயிற்று.

மிச்சம் டயர். 16 இஞ்ச் அலாய் போட்டால் கேப் அடைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். டயர் எண்ணில் முதலில் வருவது அகலம் மி.மீ.யில், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி ரிம்மின் விட்டம் இஞ்சில். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 185/65 ஆர்15இன் மொத்த விட்டம் 621.5 மி.மீ., 195/55 ஆர்16இன் விட்டம் 621. ரிம் பெரிதாகும், ரப்பர் மெலியும், கேப் அப்படியே இருக்கும். 195/65 ஆர்15 என்றால் 634.5. மேலே குறைவது ஆறரை மி.மீ.தான், ஆனால் முன்னாலும் பின்னாலும்கூட அதே அளவு அடைவதால் பக்கவாட்டில் வண்டி நிறைவாகத் தெரிகிறது. விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது என்பது டயர் கடைக்காரர்கள் சொல்லும் கணக்கு, இது 2 சதவீதம்தான். தரை இடைவெளியும் குறையாமல் ஆறரை மி.மீ. கூடுகிறது.

ஐந்து ரோடு பக்கம் ஒரு டயர் கடையில், என் பழைய ரிம்மிலேயே மாட்டினார்கள். பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் முடிந்தும் நான் பணம் கொடுக்கவில்லை. "ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு ஒரு தடவை பார்த்துடலாம்ணா" என்றேன். இரண்டு பக்கமும் ஒடித்து, உள்பக்கம் கைவிட்டுப் பார்த்தோம். உரசல் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே முழு லோடோடு ஏற்காடு ஏறினேன். வளைவுகளில் முழுக்க ஒடித்தபோதும் சத்தமில்லை. குப்பனூர் வழியாக இறங்கி வந்து மட்கார்டின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன், தேய்ந்த தடம் எதுவும் இல்லை.

மைலேஜ் லேசாகக் குறைந்திருக்கிறது, ஸ்டீயரிங்கும் ஒரு பொடி கனம். ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிட 2 சதவீதம் குறைத்துக் காட்டும், ஓமலூர் டோல் ரோட்டில் அதை மனதில் வைத்துக்கொள்கிறேன். கேப் முழுசாகப் போய்விட்டதா என்றால், இல்லை. மூன்று விரல் இன்னும் போகும். மச்சானுக்கு அதைப் பார்த்தால் சிரிப்புதான்.

ஸ்டெப்னி மட்டும் பழைய விட்டத்திலேயே இருக்கிறது. இன்ஜின் ஓட்டுவது முன்சக்கரங்களை, அவை இரண்டும் ஒரே விட்டத்தில் இருக்க வேண்டும் என்பதால் முன்னால் பஞ்சர் ஆனால் ஸ்டெப்னியை அங்கே மாட்ட மாட்டேன். பின்சக்கரம் ஒன்றை முன்னால் கொண்டுவந்து, ஸ்டெப்னியைப் பின்னால் போட்டு, மெதுவாக அடுத்த பஞ்சர் கடை வரை ஓட்டுவேன்.